அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேள்வி: சர்க்யூட் படத்தில் உள்ளீடு எப்போதும் இடப்பக்கமே இருக்கிறதே, மின்சாரத்துக்கு அப்படி ஒரு கட்டாயமா? (திருச்சி)

பதில்: மின்சாரத்துக்கு இடம் வலம் கிடையாது. கட்டாயம் நம் கண்ணுக்குத்தான். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள் வகுத்த மரபு அது. ஆம்ப்ளிஃபயர் முக்கோணத்தின் கூர்முனை வலப்பக்கம் பார்ப்பதும் அதனால்தான். படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி வரைந்தாலும் இணைப்புகள் மாறாதவரை சர்க்யூட் ஒழுங்காக ஓடும். படிக்கிற இன்ஜினியர்தான் திணறுவார்.

கேள்வி: அப்படியானால் அரபியர் எல்லாவற்றையும் திருப்பித்தான் போடுவார்களா? (தோஹா)

பதில்: ஊருக்கு ஊர் வேறு. எகிப்தில் அரபு வழிப் பள்ளிப் பாடங்களில் சமன்பாடே வலமிருந்து இடமாக ஓடும். வர்க்கமூலக் குறியும் திரும்பி நிற்கும். மொராக்கோவில் வாக்கியம் அரபு, நடுவில் வரும் சமன்பாடு மட்டும் லத்தீன் எழுத்தில் இடமிருந்து வலம். ஹீப்ருவிலும் சமன்பாடு இப்படித்தான். எண்களில் மட்டும் எங்கும் பெரிய இலக்கம் இடப்பக்கமே.

எழுத்தின் திசை பழக்கும் இந்த வரிசை குழந்தைகளிடமே தெரிகிறது. பார்பரா ட்வெர்ஸ்கி, சோல் குகல்மாஸ், அடாலியா வின்டர் மூவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், காலை, மதிய, இரவு உணவு வேளைகளைத் தாளில் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசிய பிள்ளைகள் இடமிருந்து வலமாகவும், அரபு பேசியவர்கள் வலமிருந்து இடமாகவும் ஒட்டினார்கள். ஹீப்ரு பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில். ஆனால் 'அதிகம்' என்பதைக் கீழ்நோக்கிக் காட்ட மூன்று மொழிப் பிள்ளைகளும் தயங்கினார்கள். இடம், வலம் எழுத்து பழக்கியது. மேல், கீழ் அதைவிட ஆழமானது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: அரபு போனிலும் 'ப்ளே' முக்கோணம் வலப்பக்கமே பார்க்கிறதே? (சிங்கப்பூர்)

பதில்: அது காட்டுவது டேப் ஓடும் திசையை, எழுத்தின் திசையை அல்ல. அதனால்தான் கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி 'பின்செல்' அம்பைத் திருப்பச் சொல்கிறது, ப்ளே பொத்தானைத் திருப்பாமல் விடச் சொல்கிறது.

கேள்வி: வளைகுடாத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பாதுகாப்புப் படங்கள் வரைகிறேன். ஒரு யோசனை சொல்லுங்கள். (கோவை)

பதில்: படங்களைப் பக்கவாட்டில் வைக்காதீர்கள், மேலிருந்து கீழாக அடுக்குங்கள். தமிழ், உருது, அரபு மூன்றிலும் அடுத்த வரி கீழேதான். 'வால்வை மூடு, அழுத்தத்தை இறக்கு, மூடியைத் திற' என்று மூன்று படங்களை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தால், வலமிருந்து படிப்பவர் அழுத்தம் இருக்கும்போதே மூடியில் கை வைப்பார். ஃப்ளோசார்ட்டுக்கான ஐஎஸ்ஓ 5807, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் இரண்டையும் வழக்கமான திசையாக எடுத்துக்கொண்டு, அது மாறும் இடத்தில் அம்புத்தலை கேட்கிறது. உங்கள் வேலைக்கு அது போதாது. ஒவ்வொரு கோட்டுக்கும் அம்புத்தலை போடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் உருதுவோ அரபோ படிக்கிற தொழிலாளி ஒருவரிடம் காட்டி, முதலில் செய்ய வேண்டியது எது என்று விரல் வைக்கச் சொல்லுங்கள்.