வில்லங்கம் பொடி எழுத்துல இருக்குது

ஏங்கண்ணு, பங்கு வாங்கிப்போட்டயாமா? ஆண்டறிக்கையும் பாத்தயாமா? எதைப் பாத்தே, சேர்மன் கோட்டு மாட்டிச் சிரிக்கிற பக்கத்தையா? மாடு வாங்கப் போனவன் கழுத்து மணியை மட்டும் ஆட்டிப் பாத்துட்டு வந்த கதைதான்.

நான் படிக்காதவன் சாமி. ஆனா வில்லங்கம் பாக்காம எந்தக் காட்டுக்கும் அச்சாரம் குடுத்ததில்லை. பேலன்ஸ் ஷீட்டுக்குப் பொறகால பொடி எழுத்துல பக்கம் பக்கமா ‘குறிப்புகள்’னு வருதே, கம்பெனிக்கு வில்லங்கம் அதுதான்.

“கம்பெனிக்குக் கடனே இல்லீங்க தாத்தா”ங்கறே. உங்க சின்னத்தாத்தனும் கடனே வாங்காதவன்தான். எவன் கேட்டாலும் ஜாமீன் கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். வாங்கினவன் ஓடிப்போனான், பேங்க்காரன் இவன் வாசல்ல வந்து நின்னான். அப்படி வந்தாலும் வரக்கூடிய பாக்கிக்கு ‘கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி’னு பேரு. பேலன்ஸ் ஷீட்டுக் கூட்டல்ல ஏறாது, குறிப்புல குந்தியிருக்கும். வரி வழக்கு, அடுத்தவனுக்குக் குடுத்த கேரண்டி எல்லாம் அங்கதான்.

தேய்மானக் குறிப்பையும் பாரு. 30 லட்ச ரூபா மெசினு 10 வருசம் ஓடும்னா வருசத்துக்கு 3 லட்சம் கழியோணும். 15 வருசம்னு எழுதிட்டா 2 லட்சம்தான். மெசினு அதே மெசினு. லாபத்துக்குத்தான் சதை போட்டிருக்கும்.

வித்தது கோடிக்கணக்குலங்கறே, காசு வந்துச்சா? 2021-லிருந்து, வரவேண்டிய பாக்கியை ஆறு மாசம், ஒரு வருசம்னு வயசு வாரியா பிரிச்சுக் காட்டோணும்னு சட்டம். ‘3 வருசத்துக்கு மேல’ங்கற கட்டம் வீங்கியிருந்தா, அது நம்மூர் மொய்ப்பாக்கி மாதிரி. கேட்டா சண்டைதான் வரும்.

ருசியான பக்கம் ‘ரிலேட்டட் பார்ட்டி’. மச்சினன் கட்டடத்துக்கு வாடகை, மகன் கம்பெனிக்குக் கைமாத்து, எல்லாம் இதுல வந்துரும். அமெரிக்காவுல என்ரான்னு ஒரு பெரிய கம்பெனி. 2000-ஆம் வருச அறிக்கையில 16-ஆவது குறிப்புல, எங்க மூத்த அதிகாரி ஒருத்தரு நடத்துற கூட்டு நிறுவனங்களோட கொடுக்கல் வாங்கல் உண்டுன்னு எழுதித்தான் வெச்சிருந்தான். பேரை மட்டும் முழுங்கிட்டான். ஆளு யாருன்னா, கம்பெனி நிதியைப் பாத்துக்கிட்ட ஆண்ட்ரூ ஃபாஸ்டோவேதான். 2001 டிசம்பர்ல திவாலு.

சரி, நீ வாங்கினதோட அறிக்கையை எடு, மச்சினனைத் தேடலாம். என்னது, இன்னும் டவுன்லோடே பண்ணலையா? அப்ப எந்திரி, எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வா.