ஐந்தாவது பிரதி

1985-ல் என் ஆய்வேட்டை டைப் அடித்துத் தந்தவர், திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷினோடு உட்கார்ந்திருந்த பெரியவர். பக்கக் கணக்கில் கூலி. அடிக்குறிப்பு இருந்தால் தனி. மேலே பாண்டு தாள், அடியில் நான்கு மெல்லிய தாள், இடையிடையே கார்பன். ஒன்பதையும் மேசையில் தட்டிச் சீராக்கி உருளையில் ஏற்றுவார். தமிழ் மெஷினில் புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அதனால் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அதற்குக் கீழே எழுத்தைக் கொண்டுவர வேண்டும். 1978-லேயே அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்திருந்தது. அவர் மெஷினுக்குச் சேதி போகவில்லை. என் ‘லை’ எல்லாம் துதிக்கையோடுதான் நின்றன.

ஓர் எழுத்து பிசகினால் ஐந்து தாளிலும் தனித்தனியாக பிளேடால் சுரண்ட வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் பக்கமே போச்சு. இது என் நெறியாளருக்கும் தெரியும். பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்ப்பார். “சரி, இருக்கட்டும்” என்று மூடிவிடுவார். அந்த இரக்கத்தில்தான் நான் முனைவரானேன்.

பெரியவருக்கு இரக்கம் கிடையாது. “தம்பி, இந்தப் பத்தியை மூணாம் இயல்லயும் அடிச்ச ஞாபகம். வேணுமா, விட்டுறவா?” பக்கத்துக்குக் கூலி வாங்குகிறவர் கேட்கிற கேள்வியா இது?

இப்போது மகள் ஆய்வேடு எழுதுகிறாள். திருத்தக் காசு செலவில்லை, கை வலிக்காது. ஆகவே அவளுடைய நெறியாளர் திருத்திக்கொண்டே இருக்கிறார். இரண்டாம் இயல் பதினோராவது முறை திரும்பி வந்திருக்கிறது, நான்காம் முறை அவரே வெட்டச் சொன்ன பத்தியைக் காணோமே என்ற கேள்வியோடு. பெரியவர் சும்மா பார்த்த வேலையை மென்பொருள் பார்க்கிறது. 2018 யுஜிசி விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை பாதகமில்லை. இவளுக்கு 14. பாதி, இவளே முன்பு வெளியிட்ட கட்டுரையோடு ஒத்துப்போனதாம்.

என் ஐந்து பிரதிகளில் நாலு ஊருக்குப் போக, கடைசிக் கார்பன் எனக்கு. போன மாதம் பரணிலிருந்து எடுத்தோம். “பிடிஎஃப் ஆக்கிடலாம்பா” என்று தன் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். அங்குள்ள ஸ்கேனருக்கு வெற்றுத்தாளைத் தானே விட்டுவிடும் சாமர்த்தியம் உண்டு. 240 பக்கம் உள்ளே போனது. 31 பக்கம் வந்தது.