மேகம் தேடும் மதினி

காலை எட்டரை மணிக்கு மதினி ஜிமிக்கித் தட்டோடு படம் எடுக்க ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் யாரும் ட்யூப் லைட் போடக் கூடாது. ஃபேனும் கூடாது, நூல் பிசிறு ஆடும். பெரியம்மா இருட்டுக்குள் பல் செட்டைத் தடவித் தேடுவார். அண்ணன் ஒருநாள் என் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். பட்டு நூல் ஜிமிக்கியும் டெரகோட்டா தோடும் செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்கிற எல்லா மதினிகளையும்தான். எங்கள் வீட்டு மதினி இதைப் படிக்க மாட்டார்; படிக்க லைட் போட வேண்டுமே.

எங்கள் ஊர் சிவகாசிக்கு வெயில்தான் சோறு போடுகிற சாமி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு இந்தக் காய்ந்த காற்றும் ஒரு காரணம். குச்சி காய வெயில், மருந்து காய வெயில். வானம் கறுத்தால் பட்டாசுக்காரர் முகமும் கறுக்கும். மேகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இரண்டே பேர்: கரிசக்காட்டுச் சம்சாரியும் மதினியும். சம்சாரிக்கு மழை வேண்டும். மதினிக்கு அது வேண்டாம், மேகம் மட்டும் போதும்.

மேகம் என்பது வானத்துக்குக் குறுக்கே கட்டிய வெள்ளை வேட்டியாம். நேர் வெயிலில் வைத்தால் ஜிமிக்கிக்கு அடியில் மைக்கறுப்பில் நிழல், கல்லில் கண்ணைக் கூசும் வெள்ளைப் பொட்டு. மேகம் மறைத்தால் வெளிச்சம் பரவி மெத்தென்று விழும். விளக்கம் பிரமாதம். ஆனால் எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மேகத்தைக் கண்ணில் பார்க்க முடியாது. அந்த நாளிலெல்லாம் மேகம் நான்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு மொட்டை மாடியில் அண்ணனின் வேட்டியை விரித்துப் பிடித்து நிற்பேன்.

"தம்பி, கொஞ்சம் இடது பக்கம் சாயுங்க."

"கை வலிக்கு மதினி."

"மேகம் பேசுமா?"

ரிங் லைட்டும் வாங்கிப் பார்த்தார். படத்தில் கல்லுக்குக் கல் ஒரு மெதுவடை தெரிந்தது. அது பரணுக்குப் போனது. அடுத்து, தெர்மாகோல் பெட்டியில் மூன்று பக்கம் வெட்டிப் பட்டர் பேப்பர் ஒட்டினார். பின்னணிக்கு, அச்சகத்தில் நான் பொறுக்கிவந்த கழிவுக் காலண்டர்த் தாளின் வெள்ளைப் பக்கம். மெல்லிய தாள், ஒரு தோட்டுக்குப் பின்னால் முருகன் லேசாகத் தெரிந்துவிட்டார். 'சாமி தோடு' என்று மூன்று ஆர்டர் வந்தது.

இதில் எரிச்சல் என்னவென்றால், மதினி சொல்வது சரி. ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் ஓடும், குண்டு பல்பில் மஞ்சள். இரண்டும் கலந்தால் செல்போன் குழம்பி, அரக்கு நூலை ஒரு பக்கம் செங்கலாகவும் மறுபக்கம் கத்தரிப்பூவாகவும் காட்டும். எங்கள் அச்சகத்திலும் 5000 கெல்வின் விளக்குக்கு அடியில்தான் நிறம் பார்ப்போம். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, ஜோடி 120 ரூபாய் என்று போட்ட படத்துக்குக் கீழே ஓர் அக்கா கேட்கிறார்: "எண்பதுக்கு வருமா?" கொடுத்தால், நாலாம் நாள் "போட்டோவுல பாத்த கலர் இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார். கண்ணுக்கு இதம் என்று செல்போனை மஞ்சளாக்கி வைத்துக்கொண்டு, படுத்தபடியே பார்த்த கலர் அது. அம்மா தாயே, உங்கள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. எங்கள் வீட்டில் சுற்றவில்லை. கூரியர் காசையாவது கொடுங்கள்.

மதினியின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜெண்டு எண்ணி வாங்கிப் போவார்; ஒட்டியது யார் என்று பெட்டியில் இருக்காது. மதினியின் படங்களில் வலது மூலையில் பொடி எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. நிழல் அதன்மேல் விழுந்தால் மறுபடி எடுப்பார். அப்போது மட்டும் நான் கை வலியைச் சொல்வதில்லை.

நாளை மேகமூட்டம் என்று செல்போன் சொல்கிறது. ஊர் சாபமிடட்டும். நான் வேட்டியை மடித்து வைத்துவிட்டேன்.