பாத்ரூம் வாசல் காவல்

பேய்ப்படம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பார்த்தவர்கள் தனியாக பாத்ரூம் போக வேண்டும் என்று ஒரு சட்டம் மட்டும் வந்தால் போதும்.

நேற்று ராத்திரி தங்கை மகள் ‘டிமான்ட்டி காலனி’ பார்த்தாள். பார்த்தாள் என்றால், போர்வைக்குள் இருந்துகொண்டு “இப்ப என்ன ஆச்சு மாமா?” என்று கேட்டாள், பார்த்தது நான். படம் முடிந்ததும் வழக்கம்போல வீட்டிலுள்ள விளக்கெல்லாம் எரிந்தன. நான் பாத்ரூம் வாசலில் நிறுத்தப்பட்டேன்.

சும்மா நின்றால் போதாது, பேசிக்கொண்டே நிற்க வேண்டும். வாயை மூடினால், “மாமா, இருக்கீங்களா?” “இருக்கேன்மா.” “நிஜமாவே நீங்கதானா?” இதற்கு என்ன அத்தாட்சி காட்டுவது? ஆதார் அட்டையைக் கதவிடுக்கில் தள்ளினால், அந்தப் போட்டோவில் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடும். இருமினால் “யாரது?” என்கிறாள். பாட்டை முணுமுணுத்தால் அலறல். நம் படங்களில் நடுராத்திரியில் பாடுவது யாரென்று அவளுக்குத் தெரியும். கடைசியில் கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசினேன். எந்தப் பேயும் காய்கறி விலை பேசாது என்று தெம்பாகிவிட்டாள்.

சரி, பேய் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்னால் என்ன ஆகும்? சிலிண்டரை நகர்த்தவே ஆள் கூப்பிடுகிறவன் நான். கையில் ஆயுதம் என்று இருந்தது கொசு பேட், அதிலும் சார்ஜ் இல்லை. தவிர, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவளை விட்டுவிட்டு, வெளியே லுங்கியோடு நிற்பவனைத்தானே அது முதலில் பிடிக்கும்? இந்தக் கணக்கைப் போட்டுத்தான் என்னை நிறுத்துகிறாளோ என்னவோ. 2011-இல் வந்த ‘காஞ்சனா’வில் லாரன்ஸும் இப்படித்தான் அம்மா கோவை சரளாவைத் துணைக்கு இழுப்பார். ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்தம்மாவின் தூக்கத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

காசு கொடுத்து ஏன் பயப்படுகிறோம் என்று விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். பால் ரோசின் என்ற உளவியல்காரர் மிளகாய்க் காரத்தையும் இதையும் ஒரே கணக்கில் சேர்க்கிறார்: ஆபத்தில்லை என்று மனசுக்குத் தெரியும், உடம்புதான் ஏமாந்து பதறுகிறது, அதில் ஒரு சுகம். இருக்கட்டும். சுகம் அவளுக்கு, கால்கடுப்பு எனக்கு என்பதை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

ஜெயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டிலேயே கலிங்கத்துப்பரணியில் பேய்களைப் பசியால் வாட்டி, போர்க்களத்தில் கூழ் காய்ச்ச விட்டிருக்கிறார். அந்தப் பேய்களைப் பார்த்தால் பரிதாபம்தான் வரும். தொல்காப்பியரோ அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. முதல் மூன்றுக்கும் தியேட்டரில் டிக்கெட் விற்கிறது. நான்காவதான இறை, அதாவது அரசாங்கம், சொத்துவரி நோட்டீஸாக அரையாண்டுக்கு ஒரு பாகம் வெளியிடுகிறது. இலவசம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் அதைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் ஆசையில்லை.