பேசாத பேஸ்: பிக்கப் மரணம் குறித்த ஓர் அளவையியல் ஆய்வு, சங்கராபுரம் வட்டாரத்தை முன்வைத்து

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி ஒருவன் மணிமேகலைக்குப் பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். ஒன்று உண்டா இல்லையா என்று துணிவதற்கு மனிதருக்கு வாய்த்த வழிகள் அவை. வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறோடு நிறுத்திக்கொண்டார் என்றும் அவனே சொல்கிறான். உரைகாரர்கள் இதைத் தத்துவப் பகுதி என்று கருதி அதற்கேற்ப விளக்கிவிட்டார்கள். ஆடி மாதத்து அம்மன் கோயில் மேடையில் பேஸ் கிடாரின் பிக்கப் வாயடைத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கான கையேடு அது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களமாகச் சங்கராபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர் இது. திருவிழாவுக்குத் திருவிழா இன்னிசைக் கச்சேரி நடக்கும். ஆனால் புது பிக்கப் வாங்க சேலத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். கடை தூரத்தில் இருந்தால்தான் ஆராய்ச்சி வளரும். பக்கத்தில் இருந்தால் காசைக் கொடுத்து மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் பிக்கப்பின் இலக்கணம். சில காந்தத் துண்டுகள்; அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், காயிலில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டது இவ்வளவுதான். 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1960இல் இரண்டு பிக்கப் வைத்த ஜாஸ் பேஸ் வந்தது. நம் மேடைகளில் தொங்கும் பேஸ்கள் பலவும் இந்த இரண்டின் வம்சம்தான். பிக்கப்புக்குள் சுழலும் சக்கரம் இல்லை, தேயும் பல் இல்லை. சாவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. இருந்தும் சாகிறது.

செத்ததை முதலில் அறிபவர் யார் என்பது சிக்கலான கேள்வி. கூட்டம் அல்ல. பேஸ் ஒலிக்கும்போது அதைக் கேட்பதாக எவரும் சொல்வதில்லை. நின்றுவிட்டால், “என்னாப்பா, பாட்டு சப்புன்னு இருக்குது?” என்று பாடகரைத் திட்டுவார்கள். சசிதரனும் கீத் பீட்டர்ஸும் சினிமாப் பாட்டுகளில் பேஸ் வாசித்ததை ஒவ்வொரு அடியாகக் கேட்டுப் பாடம் செய்த பேஸ்காரர், முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஊமைத் தந்தியை மீட்டிக்கொண்டே நிற்பார். அவருக்குத் தெரியும். கீபோர்டுக்காரருக்கும் தெரியும், ஆனால் இடது கையால் அந்த வேலையையும் தானே செய்துவிடலாம் என்ற எண்ணத்தில் பேசமாட்டார்.

இந்த நிலையில் வட்டாரம் முதலில் கையாளும் அளவை ஐதிகம். இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்வதை நம்பித் தெளிவதுதான் ஐதிகம் என்கிறது நூல். கிடாரும் மரம்தானே. “இந்த பேஸ் கூழ் ஊத்துற அன்னிக்குத்தான் மக்கர் பண்ணும்” என்ற கூற்று தலைமுறை தலைமுறையாக வழங்குகிறது. எலுமிச்சம்பழத்தை ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்கும் மரபு இதிலிருந்து கிளைத்ததே. அந்த மரபில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாறு உள்ளே இறங்காதவரை.

அடுத்தது அருத்தாபத்தி, இக்கட்டுரையின் உயிர்நிலை இதுதான். ஆய்க்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆற்றுக்குள் அல்ல, கரையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதேபோல, “பிக்கப் போயிடுச்சு” என்று பேஸ்காரர் சொன்னால், பிக்கப்பின் கரையில் எங்கோ ஒன்று போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கரையில் முதலில் நிற்பது கேபிள். அதை மாற்றிப் பார்க்காமல் கிடாரைத் திறப்பவர் ஆய்வாளர் அல்லர், அவசரக்காரர். ஆக்டிவ் பேஸாக இருந்தால் 9 வோல்ட் பேட்டரி: கேபிளைச் செருகினாலே சர்க்யூட் ஓடத் தொடங்கும், ஆகவே செருகியே வைத்திருந்தால் வாசிக்காமலே பேட்டரி தீரும். பிறகு ஜாக். அதன் நட்டு தளர்ந்திருக்கும்; அவசரத்தில் யாரோ வெளியிலிருந்து இறுக்கியிருப்பார்; நட்டோடு சேர்ந்து ஜாக்கும் உள்ளே சுற்றியிருக்கும்; வயர் முறுக்கி அறுந்திருக்கும், அல்லது எர்த்தில் போய் ஒட்டியிருக்கும். இப்படி இறுக்கியவர் யாரென்று ஒரு குழுவிலும் இதுவரை வெளிவந்ததில்லை. அதற்கும் உள்ளே வால்யூம் பாட்: தூசி படிந்தால் கரகரக்கும், காலில் ஈயப்பற்று சரியாகப் பிடிக்காமல் மங்கிக் கிடந்தால் ஒலி வந்து வந்து போகும். பிக்கப் மரணங்கள் என்று அறிவிக்கப்படுபவற்றில் பல இந்தக் கரையிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு பிக்கப் பேஸில் ஒன்று மட்டும் போனால் ஒலி நிற்காது, மெலியும். இங்கே உதவுவது மீட்சி. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று அறிவது அது. ஜாஸ் பேஸின் இரண்டு காயில்களும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிரெதிராக வைக்கப்பட்டவை. இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் தந்தியின் ஒலி கூடும், கரன்டின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். எனவே இரண்டும் திறந்திருக்கும்போது இரைச்சல் வென்றால், ஒரு பிக்கப் தோற்றது. ஒவ்வொரு வால்யூமாக மூடிப் பார்த்தால் எது என்பதும் தெரிந்துவிடும்.

இடைக்குறிப்பு: நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே ஜி ஸ்கேல் பாட்டு ஓடும்போது பிக்கப் இறந்தால், இரைச்சலே ஏறத்தாழ பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும். ஜெனரேட்டருக்கு மாறியதும்தான் சுருதி விலகுவது தெரியும்.

யானை மேல் இருப்பவன் கேட்டால், வேறொன்றும் நீட்டாமல் தோட்டியைக் கொடுப்பதுதான் இயல்பு என்னும் அளவை. மேடையிலிருந்து பேஸ்காரர் கீழே கை நீட்டினால் ஸ்க்ரூட்ரைவர். அதை வாங்கியதும் பத்தாவது அளவையான உள்ளநெறி வேலைக்கு வருகிறது. இரும்பு ஊசி திரும்புவதைக் கண்டு அங்கே காந்தம் உண்டென அறிவது என்று நூல் சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் காப்பியம் காந்தத்தையும் இரும்பையும் சாட்சிக்கு அழைத்திருக்கும்போது, இதைத் தத்துவம் என்று ஒதுக்கியவர்களை என்ன சொல்வது? ஸ்க்ரூட்ரைவர் முனையைக் காந்தத்தின் தலையருகே கொண்டுபோனால் இழுக்கும். வால்யூமைக் குறைத்துவைத்து மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்கும். இழுத்தும் டொக் இல்லையென்றால், காந்தம் உயிரோடு இருக்கிறது, அப்பால் கம்பிப் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. காந்தம் சாவது அபூர்வம்.

காண்டல் என்னும் அளவைக்கு மல்டிமீட்டர். பிக்கப்பின் வயரை வால்யூம் பாட்டிலிருந்து கழற்றிவிட்டு, 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜாஸ் வகை பிக்கப் சுமார் 7, 8 கிலோ ஓம் காட்டினால் அது பிழைத்துக் கிடக்கிறது, குற்றவாளி கரையில். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். மீட்டரின் இடது ஓரத்தில் ஒற்றை ‘1’ மட்டும் நின்றால் காயில் அறுந்தது. அதுதான் அபாவம், இல்லாததை இல்லை என்று அறிவது.

அறுந்த இடம் பெரும்பாலும் நடுவில் இராது. முடியளவு கம்பி வெளி வயரோடு சேரும் சிறு கண்ணில், வியர்வையும் ஈரமும் அரித்த இடத்தில் இருக்கும். இங்கே உவமம் பயன்படுகிறது. ஆமா என்ற காட்டு மாடு பசுவைப் போன்றது என்கிறது நூல். பிக்கப், போர்வெல் மோட்டாரைப் போன்றது. இரண்டும் காயில். எனவே கச்சேரிக்காரர்கள் பிக்கப்பைக் கைக்குட்டையில் சுற்றி மோட்டார் வைண்டிங் கடைக்கு எடுத்துப்போகிறார்கள்.

உவமம் அங்கே சற்று நொண்டுகிறது. நீர்மூழ்கி மோட்டாரின் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு. சீலிங் ஃபேன் கம்பிகூட இதைவிடத் தடிமன். “அண்ணே, இது தலைமுடியாட்டம் கீது. இந்த கேஜ் நம்மகிட்ட இல்ல” என்கிறார் கடைக்காரர். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. முழுதும் திரும்பச் சுற்றுவதென்றால் மெழுகிலும் முக்கவேண்டும்: பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு, சுமார் 65 டிகிரி சூட்டில். இல்லாவிட்டால் சுற்றுகள் தளர்ந்து ஸ்பீக்கர் கீச்சிடும். தேன்மெழுகுக்குக் கல்வராயன் மலை இருக்கிறது, கம்பிக்குத்தான் வழியில்லை. கடைக்காரர் லென்ஸை மாட்டிக்கொண்டு, கம்பி வயரோடு சேரும் அந்தக் கண்ணைப் பார்த்தார். முனையைச் சுரண்டி எனாமலை எடுத்தார், துளி ஈயம் வைத்தார். மீட்டர் 7.4 என்றது.

பில் புத்தகத்தை விரித்தவர் பேனாவோடு நிமிர்ந்தார்.

“எத்தன எச்.பி.ன்னு போடட்டும்?”

பேஸ்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, ‘கிணறு இருக்கும் ஊர்’ என்ற இடத்தில் ‘கச்சேரி’ என்று எழுதினார்.