தங்கச்சிக்கு முட்டுவலி, மனைக்கு என்ன வலி?

மருமவனே, நீ நியூ ஜெர்சியில இருந்து அனுப்புன பிளானைப் பாத்தேன்டே. ஃபோன்ல ரெண்டு விரலை வச்சு விரிச்சு விரிச்சுப் பாத்ததுல கண்ணு பூத்துப் போச்சு. வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம்பு, ஒட்டுனாப்புல ஒரு பாத்ரூம்பு. தங்கச்சிக்கு முட்டுவலி, மாடி ஏற முடியாது, கீழேயே ஒரு ரூம்பு போட்டு ஆத்தாளைக் கொண்டுபோயி வச்சுக்கிடணும்னு உனக்கு ஆசை. நல்ல புள்ள. ஆனா டவுன்ஷிப் ஆபீசுல முடியாதுன்னு தாள் குடுத்துட்டானாம். பின்னெல்லையில இருந்து 30 அடி விடணும், உன் ரூம்பு வந்தா 22 அடிதான் மிஞ்சுமாம். அதுக்குப் போயி ராத்திரி ஒரு மணிக்கு ஃபோனைப் போட்டு ஒப்பாரி வைக்கே. கொத்துக்கரண்டி புடிச்சுக் காய்ச்சுப் போன கையிடே இது. சொல்லுதேன், கேளு.

மொத வழி, நம்ம ஊரு வழி. வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆபீசைப் பூட்டுன ஒடனே வானம் தோண்டு. திங்கக்கெழம வெடியுறதுக்குள்ள செவரை எழுப்பிரு. எவனும் கேட்டா மராமத்து வேலைன்னு சொல்லு. மேல நாலு கம்பியை நீட்டி விட்டுரு, பின்னால ஒரு மாடிக்கு ஆகும். எல்லாம் முடிஞ்ச பெறவு, ஐயா தெரியாமக் கட்டிட்டேன், மன்னிச்சு ஏத்துக்கிடுங்கன்னு எழுதிப் போடு.

சிரிக்காத. இங்ஙன அதுக்குச் சட்டமே இருந்துச்சுடே. 1971-ல போட்ட நகர் ஊரமைப்புச் சட்டத்துல, 1998-ல 113-ஏன்னு ஒரு பிரிவைச் சொருகுனாவ. காசைக் கட்டு, மீறிக் கட்டுனதை வரன்முறை பண்ணித் தாரோம்னாவ. 1999 பிப்ரவரி 28-க்குள்ள கட்டுனதுக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும்னாவ. 2000-ல சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தடவைதானேன்னு விட்டுருச்சு. பெறவு பாத்தா 2000, 2001, 2002-ன்னு ‘இந்த ஒரு தடவை’ வருசா வருசம் வருது, கோயில் கொடை வந்தாப்புல. 2006-ல ஐக்கோர்ட்டு அந்த நீட்டிப்புகளைச் செல்லாதுன்னு அடிச்சுப் போட்டுச்சு. 2012-ல 113-சி-ன்னு இன்னொண்ணு வந்துச்சு, 2007 ஜூலை 1 வரைக்கும் கட்டுனதுக்கு. நம்மாளு நல்ல நாள் பாத்து வானம் தோண்டுத காலமெல்லாம் போச்சுடே. அடுத்த கெடு எந்தத் தேதியில வருதுன்னு பாத்துத் தோண்டுதான்.

இந்த வழி அங்ஙன ஓடுமான்னா, ஓடாது. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு ஃபோனைப் போட்டாப் போதும், வேலையை நிறுத்தச் சொல்லித் தாளை ஒட்டிட்டுப் போயிருவான். அது தப்பிச்சாலும், பின்னால வீட்டை விக்கப் போறப்ப வாங்குதவனோட வக்கீலு பெர்மிட்டு எங்கன்னு கேப்பான். அப்ப முழிப்பே. அதனால இந்த வழியைக் கேட்டுட்டு மறந்துரு. கேக்குறதுக்கு நல்லா இருக்குமேன்னுதான் சொன்னேன்.

இப்ப ரெண்டாவது வழி. முடியாதுன்னு தாள் குடுத்தவன் மேல கோவப்படாத. அவன் கையில அளவுகோல் மட்டுந்தான் இருக்கு, இளக்கம் காட்டுத அதிகாரம் இல்ல. அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு நீ சோனிங் போர்டு முன்னால போயி நின்னு வேரியன்ஸ், அதாவது விதியில இளக்கம், கேக்கலாம். போர்டுல 7 பேரு இருப்பாவ. ஜட்ஜும் இல்ல, இஞ்சினியரும் இல்ல, உன்னைப் போல அதே ஊர்ல குடியிருக்கவங்கதான். உள்ளூர் நிர்வாகம் நியமிச்சது. நீ அனுப்புன விண்ணப்பக் கட்டைப் பூராவும் என் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 1975-ல நியூ ஜெர்சிக்காரன் போட்ட நிலப் பயன்பாட்டுச் சட்டமாம். எழுதுனவன் கெட்டிக்காரன்டே.

நீ எழுதி வச்சிருக்கியே காரணம், ‘எங்க அம்மாவுக்கு வயசாச்சு, முட்டுவலி, மாடி ஏற முடியல’ன்னு. வாசிக்கயில எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா அங்ஙன அது காலணாவுக்குப் பிரயோசனம் இல்ல. அவிய கேக்குத கஷ்டம் உனக்கு வந்த கஷ்டம் இல்ல, உன் மனைக்கு வந்த கஷ்டம். மனை குறுகலா? ஆழம் இல்லையா? கோணலா? மேடு பள்ளமா? ஊர்ல மத்த மனைக்கு இல்லாத கொறை இதுக்கு மட்டும் என்ன இருக்கு? இதைத்தான் கேப்பாவ. அதுவும் நீயா இழுத்து விட்டுக்கிட்ட கொறையா இருக்கப்பிடாது. காரணம் புரியுதா? முட்டுவலி இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும். நீ வீட்டை வித்துட்டுப் போயிருவே. செவரு அங்ஙனயே நிக்கும்லா? நம்ம ஊர்ல மனு எழுதுதவன் தாய்க்குச் சீக்கு, மவளுக்குக் கல்யாணம், மவனுக்குப் படிப்புன்னு வீட்டுல உள்ள கஷ்டத்தை எல்லாம் எழுதுவான்; மனையைப் பத்தி ஒரு வரி இருக்காது. நீயும் அந்த மண்ணுல பொறந்தவன்தானே.

சரி, உன் மனைக்கு ஏதும் கொறை உண்டுமான்னு சர்வேயைப் பாத்தேன். இருக்குடே! உன் பின்னெல்லை நேரா ஓடல. வடக்க ஆழமா இருந்து, தெக்க வர வர ஒடுங்குது. தெரு வளைஞ்சு முடியுத எடத்துல மனை பிரிச்சா இப்பிடித்தான் கோணும். இதைவிட நல்ல கொறை ஒனக்கு எவன் தருவான்? இதை விட்டுட்டு ஆத்தா முட்டைப் புடிச்சுத் தொங்குதே.

ஆனா ஒண்ணு கேக்கேன். வடக்க அம்புட்டு எடம் சும்மாக் கெடக்கயில, ஒடுங்குன தெக்கு மூலையில எதுக்குடே ரூம்பைக் கொண்டு வச்சே? வீடு கெழக்கப் பாத்தது, பின்பக்கம் மேக்க, அதுல தெக்கு ஓரம். கன்னி மூலை! பெரியவுக ரூம்பு கன்னி மூலையிலதான் இருக்கணும்னு உன் வீட்டுக்காரி எதையோ பாத்துட்டுச் சொல்லியிருப்பா. என்னடே ஞாயம் இது? ஆபீசுக்காரன் சொல்லுத 30 அடி உங்களுக்குக் கசக்கு. மனையடி சாஸ்திரத்துல எட்டடி ஆகும், ஒம்பதடி ஆகாதுன்னா ஒரு அங்குலம் பிசகாமச் செய்யிறிய. போர்டுல போயி கன்னி மூலைன்னு வாயைத் தொறந்துராத. நீயே தேடிக்கிட்ட கொறைன்னு எழுதி ஃபைலை மூடிருவான்.

ரூம்பை அப்பிடியே வடக்கத் தள்ளு. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், 28 அடி கெடக்கும். ஒரு மூலையில மட்டும் ரெண்டடி கொறை. எட்டடி கேட்டுப் போறவனையும் ரெண்டடி கேட்டுப் போறவனையும் பாக்குத பார்வையே வேற. வாயு மூலையில ஆத்தா படுத்தா என்ன கெட்டுப் போச்சு? அவளுக்கு வாயுத் தொந்தரவு சின்ன வயசுலயே உண்டு.

அடுத்தது அக்கம்பக்கம். உன் மனையைச் சுத்தி 200 அடிக்குள்ள மனை வச்சிருக்கவன் எல்லாருக்கும், விசாரணைக்கு 10 நாளைக்கு முன்னாலயே, நான் இன்னது கட்டப் போறேன், இத்தனை அடி கொறையுதுன்னு தகவல் குடுக்கணுமாம். நேர்ல குடுக்கலாம், இல்லன்னா சர்டிஃபைடு தபால்ல போடணும். அந்தப் பேரு லிஸ்டை ஆபீசுலயே குடுப்பாவ. பேருக்கு 25 சென்ட்டு, இல்ல மொத்தமா 10 டாலரு, ரெண்டுல எது கூடுதலோ அது. லிஸ்டுல உள்ள ஒரு ஆளுக்குத் தகவல் விட்டுப் போச்சுன்னா விசாரணையே செல்லாமப் போயிரும், பாத்துக்கோ. நம்ம தெருவுல இப்பிடி ஒரு சட்டம் வந்தா எப்பிடி இருக்கும்னு ரோசிச்சேன். பக்கத்து வீட்டுக்காரன் சன்ஷேடு என் தலைக்கு மேல நீட்டுனப்புறந்தான் அவன் வீடு கட்டுததே நமக்குத் தெரியுது.

இங்ஙனதான் மாமன் புத்தி வேணும். தபால் போய்ச் சேருததுக்கு முந்தி நீ போய்ச் சேந்துரு. பின்வீட்டுக்காரரு ரிட்டையரு ஆனவருன்னு சொன்னே. அவரு அடுப்படி ஜன்னலைத் தொறந்தா உன் ரூம்புச் செவருதான் தெரியும், அவருதான் உனக்கு நெசமான போர்டு. உன் வீட்டுக்காரி சுட்ட முறுக்குல ஒரு டப்பா எடுத்துக்கோ. பிளானை அவரு மேசையில விரிச்சு வச்சு, எங்ஙன ஜன்னல் வருது, எம்புட்டு உசரம், வேலியோரம் என்ன மரம் நடுவேன்னு சொல்லு. அவரு சொல்லுததையும் கேளு. உன் ஜன்னலைத் திருப்பச் சொன்னாருன்னா திருப்பு, கூரையைத் தாழ்த்தச் சொன்னாருன்னா தாழ்த்து. கூட்டத்துல எந்திச்சு, எனக்கு ஆட்சேபணை இல்லன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா அது ஒரு வக்கீலுக்குச் சமானம். முறுக்கு அவரோட நிக்கணும், தெரிஞ்சிதா? போர்டு மெம்பரு வீட்டு வாசல்ல டப்பாவைத் தூக்கிட்டுப் போயி நின்னே, விண்ணப்பமும் போகும் உன் பேரும் போகும். நம்ம ஊரு பழக்கம் கையை அரிக்கும், அடக்கிக்கோ.

ரெண்டடிக்கு இம்புட்டுக் கூத்தான்னு உனக்கு அலுப்பா இருக்கும். கூத்து தொடங்குனதே உனக்குப் பக்கத்துலதான்டே, நியூயார்க்குல. 1915-ல ஈக்விட்டபிள் பில்டிங்குன்னு 38 மாடியைத் தெருவை ஒட்டி நேர்குத்தா, எங்ஙனயும் உள்ள தள்ளாமத் தூக்கி நிறுத்திட்டாவ. அதோட நெழலு 7 ஏக்கர்ல விழுந்துச்சாம். காசு குடுத்து எடம் வாங்குனவன், வெயிலையும் காத்தையும் சேத்து அள்ளிட்டுப் போயிட்டான். சனம் போட்ட சத்தத்துல மறுவருசமே, 1916-ல, மேல போகப் போக உள்ள தள்ளிக் கட்டணும்னு ஊரு பூராத்துக்கும் சட்டம் வந்துச்சு. நீ விடாம வச்சிருக்க ரெண்டடியும் அந்த 7 ஏக்கரோட பேரன்தான். வெயிலு மட்டுமில்ல, தண்ணியும் இருக்கு. 2021-ல ஐடா புயல் மழையில உங்க பக்கத்துல வீட்டுக்கு வீடு பேஸ்மென்டுல தண்ணி நின்னுச்சுன்னு நீதானே படம் அனுப்புனே. உன் புதுக்கூரைத் தண்ணி எங்ஙன எறங்கும்னு கேப்பாவ, பதிலு வச்சுக்கோ.

நாளு பத்தியும் சொல்லிருதேன். விண்ணப்பம் சரியா இருக்கான்னு சொல்ல அவியளுக்கு 45 நாளு, சரியா இருந்தா முடிவு சொல்ல 120 நாளு. முடிவு வெளியானப்புறமும் எவனாவது கோர்ட்டுக்குப் போகணும்னா இன்னும் 45 நாளு. அதுவரைக்கும் மரம் மட்டை ஒண்ணும் வாங்கி வைக்காத. அங்ஙன என்ன, குச்சியை நட்டு அட்டையை அடிச்சு அதுக்கு வீடுன்னு பேரு வச்சிருக்கிய. சரி, அது ஒங்க பாடு. கூட்டத்துல நிக்கயில சத்தியம் பண்ணிட்டுத்தான் பேசணும். மனையைப் பத்திப் பேசு, கோணலைப் பத்திப் பேசு, பின்வீட்டுக்காரருகிட்டக் கேட்டதைச் சொல்லு. எல்லாம் முடிஞ்ச பெறவு, எங்க அம்மாவுக்காகன்னு ஒரே ஒரு வரி சொல்லு. சட்டத்துல எடம் இல்லதான். ஆனா கேக்குதவனும் ஒரு ஆத்தா பெத்த புள்ளைதானே.

கடைசியா ஒண்ணு. சொல்லவா வேண்டாமான்னு ரோசிச்சேன், சொல்லிருதேன். பிளான்ல பாத்ரூம்புக்கு இந்தப்பக்கம் ஒரு சிங்க்கு போட்டிருக்கே. அதுக்குப் பக்கத்துல ரெண்டரை அடி எடம் சும்மா விட்டிருக்கே. அது அடுப்பு வைக்கிற அளவுடே, எத்தனை அடுப்படி கட்டியிருப்பேன், எனக்குத் தெரியாதா? அதோட தெருப்பக்கமாத் தனி வாசல் வேற. முட்டுவலிக்காரி தனி வாசல் வழியா எங்கடே போகப் போறா? ஆறு மாசம் கழிச்சு குளிரு தாங்கலன்னு தங்கச்சி இங்ஙன வந்துருவா. பெறவு அந்த ரூம்புல யாரு இருப்பா? புதுசா வேலைக்கு வந்த ரெண்டு பயலுவ, மாச வாடகைக்கு. சரியா?

நான் கண்டுபுடிச்சதை அந்த 7 பேரும் கண்டுபுடிக்க மாட்டாவளா? அடுப்புக்கு விட்ட எடத்தைப் பாத்த ஒடனே, இது ரெண்டு குடித்தன வீடுல்லாம்பாவ. அப்ப இது அடிக்கணக்கு வேரியன்ஸ் இல்ல, வேற வகையில போயிரும். அதுக்கு 5 பேரு ஆமான்னு சொல்லணும். அன்னைக்கு 5 பேரு மட்டுந்தான் கூட்டத்துக்கு வந்தாவன்னா அந்த 5 பேரும் சொல்லணும். ஒரு கல்நெஞ்சுக்காரன் போதும், தங்கச்சி மாடியிலதான் படுக்கணும். அடுப்பு இல்லன்னு நீ சத்தியம் பண்ணுனாலும், இதை வாடகைக்கு விடமாட்டேன்னு பத்திரத்துலயே எழுதிக் குடுன்னு கேட்டுப் பாப்பாவ. கேக்கயில உன் மொகம் எப்பிடிப் போகுதுன்னு பாப்பாவ, அதுதான் விசயம்.

சிங்க்கை எடுத்துரு. தனி வாசலை அடைச்சு ஜன்னலாக்கு, காத்து வரும். ரூம்பை வடக்கத் தள்ளு. மாத்துன பிளானைப் பெரிய எழுத்துல அனுப்பு, பாக்கேன். ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பாத.