இறக்குமதி மச்சான்

ஒவ்வொரு தோட்டத்து டிவிசனிலும் ஒருத்தர் இருப்பார். உங்கள் டிவிசனில் அவர் ஸ்டோரில் வேலை செய்பவராக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுபவராக இருக்கலாம். வெள்ளிக்கிழமை சென்னையில் வெளியான படம் ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைப்பையில் இருக்கும். இது பொதுவாக எழுதியது. என் மனைவியின் அண்ணனைக் குறிப்பது அல்ல. வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

இறக்குமதி மச்சானிடம் ஆறேழு பென் டிரைவ் உண்டு. அத்தனையும் அடுத்தவருடையவை. படத்தின் நடுவில் யாரோ ஒருவர் எழுந்து பாத்ரூம் போகிற நிழல் விழுந்தால், "தியேட்டர்ல பாக்குற மாதிரியே இருக்குல்ல?" என்பார். வில்லன் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது, அவர் சட்டம் பேசுவது.

படம் கேட்டு வந்த பையனிடம் கொடுத்து அனுப்பினால் போதாதா? போதாது. இஸ்தோப்பில் உட்கார வைத்து, தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பார்.

"கேஸ் போடுவானுங்கதான் தம்பி. ஆனா யாரு மேல போடுவான்? பேரு தெரியணும்ல? 2012ல தனுசு நடிச்ச '3' படத்துக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. எவன் எறக்குறான்னு தெரியல. என்னா செஞ்சாங்க? அசோக் குமார்னு ஒரு ஆள எதிரியா வச்சு ஓடர் வாங்கிட்டாங்க!"

உண்மைதான். முகம் தெரியாத எதிரிக்கு இந்திய நீதிமன்றங்களில் வழங்கும் பேர் அது. அந்த உத்தரவைக் கையில் வாங்கிய இணைய நிறுவனங்கள் திருட்டுப் படத்தோடு நல்ல தளங்களையும் சேர்த்து முடக்கி, அப்புறம் நீதிமன்றமே, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் முடக்குங்கள் என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. மச்சான் இதிலிருந்து எடுக்கும் நீதி வேறு: "அசோக் குமார் அகப்படுற வரைக்கும் நமக்குப் பயம் இல்ல." எந்தத் தோட்டத்திலும் அந்தப் பேரில் ஒருவன் இருப்பான், பெரும்பாலும் அவனிடம் இருப்பது பட்டன் போன்.

அடுத்த வழக்கு '2.0'. 2018இல் அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொன்னது அதே நீதிமன்றம். வெளியான அன்றே படம் இணையத்தில் இருந்தது. தயாரித்த லைக்காவின் தலைவர் இலங்கைத் தமிழர். "நம்ம ஆளு படம். நம்ம பாத்தா கோவிச்சுக்குவாரா?" என்பார் மச்சான். படத்தின் கோடிக்கணக்கான செலவை உறவுமுறை சொல்லியே தள்ளுபடி செய்துவிடுவார்.

பையனுடைய தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். மச்சான் அப்போது அவுஸ்திரேலியாவில் இருப்பார். 'டல்லாஸ் பையர்ஸ் கிளப்' படத்தை இறக்கியதாக 4,726 இணைய முகவரிகளைப் பிடித்து, அவற்றின் சொந்தக்காரர்கள் யார் யார் என்று கேட்டு அங்கே நீதிமன்றம் போனார்கள். 2015இல் விவரத்தைக் கொடுக்கச் சொன்ன நீதிபதி, ஆட்களுக்கு என்ன கடிதம் அனுப்பப் போகிறீர்கள், எவ்வளவு கேட்கப் போகிறீர்கள், முதலில் எனக்குக் காட்டுங்கள் என்றார். பிறகு 6 லட்சம் டொலர் பிணை கட்டு என்றார். அடுத்த வருடம் படக்காரர்கள் வழக்கையே கைவிட்டார்கள். இந்த இடத்தில் மச்சான் தொடையைத் தட்டுவார், அந்த நீதிபதியைத் தானே படிக்க வைத்த மாதிரி.

கவனித்துப் பாருங்கள், இறக்குமதி மச்சானின் சட்டப் புத்தகத்தில் அவர் தோற்கும் தீர்ப்பே கிடையாது.

உலகத்தில் அப்படி இல்லை. டொரண்ட் என்ற வழியில் படம் இறக்கினால், இறங்கிய துண்டுகள் நம்மிடமிருந்து அடுத்தவனுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். எடுத்தவனே கொடுத்தவனும் ஆகிறான். படக் கம்பெனி வைத்த ஆள், இன்னொரு ரசிகனைப் போல அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, எந்தெந்த இணைப்பு அதில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவான். ஜெர்மனியில் அப்படிக் குறிக்கப்பட்டவர்களுக்கு வக்கீல் கடிதம் வரும், உள்ளே கட்டவேண்டிய யூரோ கணக்கோடு. 2010இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னும் ஒன்று சொன்னது: வைஃபைக்கு ஒழுங்கான பாஸ்வேர்ட் போடாமல் விட்டவர், அதில் வேறொருவன் பாட்டு இறக்கியிருந்தாலும் அந்தக் கடிதச் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதுதான் சட்டம். இணைப்பு யார் பேரிலோ, கடிதம் அவர் பேருக்கு.

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகப் படித்து வைத்திருக்கிறேன் என்றால், இணைப்பு என் பேரில் இருக்கிறது.

மச்சானின் லயம் பள்ளத்தில். சிக்னல் எட்டாது. எங்கள் ஜன்னலில் எட்டும். நள்ளிரவுக்கு மேல்தானே நைட் டேட்டா? அதனால் இருட்டியதும் லெப்டொப்பைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் திறந்து வைத்துவிட்டு, "மூடிறாதீங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போய் அவர் நிம்மதியாகத் தூங்குவார். உடப்புசல்லாவைக் குளிரில், என் அடையாள அட்டை நம்பரில் எடுத்த இணைப்பில், நான் விழித்திருந்து காவல் காப்பேன்.

"மச்சான், நம்ம நாட்டுலயும் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. வேணும்னே செஞ்சதா நிரூபிச்சா 5 லட்சம் ரூபாய் வரைக்கும் தண்டம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் குடுக்கலாம்" என்றேன் ஒரு நாள். கணக்கும் போட்டுக் காட்டினேன். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் 370 நாள் பேர் விழுந்தாலும் இன்னும் 500 ரூபாய் குறையும். அதுவும் ஒருவாய் சாப்பிடாமல் இருந்தால்.

அவர் அசையவில்லை. "அமெரிக்காவுல 2018ல தீர்ப்பே இருக்கு மாப்ள. 'தி கொப்ளர்'னு ஒரு படம். கனெக்சன் ஒருத்தர் பேர்ல இருக்குங்கிறதுக்காக மட்டும் அவருதான் எறக்குனாருன்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது." எனக்கு ஆகாதாம். பாருங்கள், வழக்கு ஏற்கனவே எனக்கு வந்துவிட்டது.

பிறகு குரலைத் தணித்து, தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்: "அப்புடியே நோட்டீஸ் அனுப்புனாலும் எங்க அனுப்புவான்? நமக்கு எங்க அட்ரஸ் இருக்கு?"

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. லயத்துக்கு வீட்டு நம்பரும் இல்லை, தெருப் பேரும் இல்லை. தோட்டத்தின் பேரைப் போட்டுக் கடிதம் வரும், தோட்டத்து ஆபீசில் கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போனால் நம் கைக்கு வரும். வேலைக்கு நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை அனுப்பிய இடத்துக்கு ஒரு தபால் ஒழுங்காக வந்து சேராது. மச்சான் அதைத் தன் சட்டப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார். அவர் சொன்ன வாதங்களிலேயே ஓட்டை இல்லாதது இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்து ஒழுங்காகப் பார்க்கலாமே என்று எழுதுவது சுலபம். வீட்டிலிருந்து பார்க்கிற செயலிகளுக்குப் பெரும்பாலும் வங்கி அட்டை வேண்டும்; கொழுந்து பறிக்கிறவர் கையில் அது எங்கே இருக்கிறது? பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால், இருட்டோடு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தை சவோயில் பார்க்கலாம். ஒரு நாள் பேரும் போகும். மாமியார் பழைய சிவாஜி படம் பார்ப்பதும் மச்சானின் புண்ணியத்தில்தான். அதற்காக அவரை மன்னிக்கலாம். என் அடையாள அட்டை நம்பரை மன்னிக்கச் சொல்ல முடியாது.

"கனெக்சனை வேற பேருக்கு மாத்துங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதிசயமாக உடனே ஒத்துக்கொண்டார். மறுநாளே அடையாள அட்டைப் பிரதியோடு வந்தார். வாங்கிப் பார்த்தால், மாமியாருடையது.

"வயசான மனுசி. கோர்ட்டுல பாத்தாலே பாவம்னு விட்டுருவாங்க" என்றார்.

மாமியாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தண்டம், ஜெயில், ஜெர்மனி ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்:

"கோர்ட்டு கொழும்புலயா தம்பி? அப்ப காலையில கேஸ முடிச்சிட்டு, மத்தியானம் சவோயில ஒரு படம் பாத்துட்டு வந்துரலாமே?"